கண் சாலையை விட்ட அந்த ஒரு வினாடி: இயக்கவியல் பாடத்தைக் கவனச்சிதறலோடு சேர்த்து நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனம் ஓட்டும்போது ஃபோனைப் பார்ப்பதால் வரும் ஆபத்தை வைத்தே திசைவேகம், முடுக்கம், இயக்கச் சமன்பாடுகள் எல்லாவற்றையும் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதைத் தங்கள் வகுப்பில் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்கள் கேட்டவை, மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை என இங்கே சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கணக்குகளில் பெரும்பாலும் ஒரே எண்கள்தான் வரும். வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் 5 மீட்டர்/வினாடி குறையும். கவனமாக ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த 1 வினாடி ஆகும். காய்ந்த நல்ல சாலையில் இதைவிடச் சீக்கிரம் நிற்கலாம், மழையில் இன்னும் தாமதமாகும். மனக்கணக்காகப் போட முடிகிறது என்பதால் இந்த எண்களை வைத்துக்கொண்டேன்.

பாடப்புத்தகத்திலேயே எத்தனையோ எடுத்துக்காட்டுகள் இருக்கின்றனவே, இது எதற்கு?

பாடப்புத்தகத்துக் காரில் ஓட்டுநர் இருக்க மாட்டார். "20 மீட்டர்/வினாடி வேகத்தில் செல்லும் கார் பிரேக் போடப்பட்டதும் எவ்வளவு தொலைவில் நிற்கும்?" என்று கேள்வி தொடங்கும். பிரேக் போட்டது யார், எப்போது பார்த்தார், பார்த்ததற்கும் அழுத்தியதற்கும் இடையில் கார் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இடைவெளியில் கார் ஒரே சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது சீரான இயக்கம். பிரேக் அழுத்தியபின் நடப்பது சீரான எதிர் முடுக்கம். மாணவர்கள் தனித்தனிப் பாடங்களாகப் படித்த இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரண்டையும் கூட்டினால்தான் விடை. சீரான இயக்கத்தை "ரொம்ப ஈஸி" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களும் உயிர் தப்புவதும் போவதும் அந்த ஈஸியான பகுதியைப் பொறுத்தும் இருக்கிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

30 செ.மீ. அளவுகோலிலிருந்து. வேறு கருவி எதுவும் வேண்டாம்.

ஒருவர் அளவுகோலை மேல்முனையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். மற்றவர் சுழிக் குறிக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சற்றே விரித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட வேண்டும். பிடித்த இடத்தில் எத்தனை செ.மீ. என்று பார்க்க வேண்டும். விழுந்த தொலைவை மீட்டரில் எழுதி, 4.9-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இல் பாதி) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நேரம் கிடைத்துவிடும். 10 செ.மீ. என்றால் 0.14 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20, 30 செ.மீ. என்றால் 0.25. தொலைவு இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை என்பதை இங்கேயே பிடித்துக்கொள்வார்கள். விழும் பொருள் கடக்கும் தொலைவு நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கலிலியோ 1638-இல் அச்சில் காட்டிய அதே உறவு அவர்கள் கையிலேயே நடக்கிறது.

முதல் சுற்றில் எல்லோருக்கும் உற்சாகம். யார் வேகம் என்று போட்டி நடக்கும். நடக்கட்டும். இரண்டாவது சுற்றில், பிடிக்கப்போகிறவர் 300-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும்: 293, 286, 279... "279" வரும்போது அளவுகோல் நழுவித் தரையில் "டக்" என்று விழும். பிறகு அடுத்த மேசையில் ஒரு "டக்". அதற்கடுத்த மேசையில் இன்னொன்று. அந்த நேரத்தில் நான் எதுவும் பேசுவதில்லை. ஓசை அடங்கியபின் ஒன்றே ஒன்று சொல்வேன்: 30 செ.மீ. முழுவதும் நழுவியது என்றால் கால் வினாடி தாண்டிவிட்டது. நம் கார் அதற்குள் 5 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது.

மாணவர்களுக்கு 0.2 வினாடிதான் வருகிறது. ஓட்டுநருக்கு மட்டும் ஏன் 1 வினாடி வைக்கிறீர்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். இதை மாணவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இல்லையென்றால் "எனக்கு 0.2 வினாடி போதும்" என்ற தப்பான தைரியத்தோடு வகுப்பை விட்டுப் போய்விடுவார்கள்.

அளவுகோல் சோதனையில் என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரியும். விரல்கள் தயாராக இருக்கின்றன, செய்ய வேண்டியதும் ஒன்றே. சாலையில் அப்படியில்லை. ஏதோ அசைகிறது என்று கண்ணில் பட வேண்டும், அது குழந்தையா காகிதமா என்று புரிய வேண்டும், பிரேக்கா ஸ்டியரிங்கா என்று முடிவெடுக்க வேண்டும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைக்க வேண்டும். டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1868-லேயே இதை அளந்து காட்டினார்: ஒரே ஒரு தூண்டலுக்கு ஒரே ஒரு செயல் என்றால் ஒரு நேரம், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து செய்ய வேண்டும் என்றால் அதைவிடக் கூடுதல் நேரம். அந்தக் கூடுதல்தான் மனம் முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரம்.

இதையும் வகுப்பில் காட்டிவிடலாம். இரண்டு அளவுகோல்களை இரண்டு கைகளுக்கு நேராகத் தொங்கவிட்டு, எதை விடப்போகிறோம் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் விடுங்கள். அதே மாணவருக்கே எண் ஏறும்.

அரை வினாடி, ஒரு வினாடி தாமதத்தில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது?

என் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். மற்றவற்றுக்கு நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குவேன்.

கவனமாக ஓட்டுபவர் நிற்க எவ்வளவு தொலைவு வேண்டும் என்று முதலில் பார்ப்போம். எதிர்வினைக்கு 1 வினாடி, அதில் 20 மீட்டர். பிரேக் அழுத்தியபின் வேகத்தின் வர்க்கத்தை எதிர் முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், 400-ஐ 10-ஆல் வகுத்து 40 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். ஆகவே 60 மீட்டருக்கு அப்பால் ஒருவர் சாலையைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கவனமாக ஓட்டியவர் அவருக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். மயிரிழை, ஆனாலும் தப்பியாயிற்று.

இப்போது அரை வினாடி தாமதம். பிரேக் பிடிக்கும் முன்பே 30 மீட்டர் போய்விட்டது, மிச்சம் 30 மீட்டர்தான். அந்த இடத்துக்கு வந்து சேரும்போது காரின் வேகம் என்ன? கணக்குப் போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எண்ணை எழுதச் சொல்லுங்கள். "கிட்டத்தட்ட நின்றிருக்கும்", "மணிக்கு 5 கி.மீ.", "10 கி.மீ." என்றுதான் எழுதுவார்கள். பிறகு கணக்கு: இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் − 2 × எதிர் முடுக்கம் × தொலைவு. 400 − 2 × 5 × 30 = 100. வர்க்கமூலம் 10. வினாடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கி.மீ.

வகுப்பு நம்பாது. மறுபடி போட்டுப் பார்க்கும். மறுபடியும் 36-தான் வரும்.

எல்லாத் தாமதங்களுக்கும் சேர்த்து இப்படி வரும்:

கால் வினாடி தாமதம்: மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மோதல்
அரை வினாடி: 36 கி.மீ.
1 வினாடி: 51 கி.மீ.
2 வினாடி: 72 கி.மீ.; பிரேக்கில் கால் படவே இல்லை

இந்த நான்கு வரிகளை உற்றுப் பாருங்கள். முழு வேகத்தில் மோதுவதற்கு 2 வினாடி தாமதம் வேண்டும். ஆனால் அதில் பாதி வேகம் முதல் அரை வினாடியிலேயே வந்துவிட்டது. மோதும் வேகம் தாமதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வரைபடம் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போகச் சாய்கிறது. "கொஞ்ச நேரம்தானே பார்த்தேன்" என்பதில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாவற்றிலும் விலை அதிகமானது. கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்தவர்களிடம் நான் கேட்பது உண்டு: ஒரு மாத்திரைக்கு எவ்வளவு வேகம்? கால் வினாடி என்று வைத்தால் மணிக்கு 25 கி.மீ.

ஏன் இப்படி என்பதையும் விடக்கூடாது. பிரேக் பிடித்த கார் ஒவ்வொரு வினாடியிலும் சம அளவு வேகத்தை இழக்கிறது. ஒவ்வொரு மீட்டரிலும் அல்ல. நிற்க ஆகும் 4 வினாடிகளில் முதல் 2 வினாடிகளில் 30 மீட்டர் ஓடிவிடுகிறது. கடைசி 2 வினாடிகளில் கடப்பது 10 மீட்டர்தான். வேகத்தின் பாதி அந்தக் கடைசி 10 மீட்டரில்தான் போகிறது. தாமதம் முதலில் பறித்துக்கொள்வதும் அந்தக் கடைசி மீட்டர்களைத்தான்.

மணிக்கு 36 கி.மீ. என்பது குறைவுபோலத் தோன்றும். 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தால் தரையில் படும் வேகம் அது. 51 கி.மீ. என்றால் 10 மீட்டர் உயரம். இதையும் அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

இதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

திசைவேகம்–நேரம் வரைபடம் போதும். 20-இல் ஒரு கிடைக்கோடு, பிறகு சுழியை நோக்கி இறங்கும் சாய்கோடு. கிடைக்கோட்டின் கீழுள்ள செவ்வகம் எதிர்வினைத் தொலைவு, சாய்கோட்டின் கீழுள்ள முக்கோணம் பிரேக் தொலைவு. கவனம் சிதறியவருக்கு முக்கோணம் மாறாது, செவ்வகம் மட்டும் நீளும். பலர் கிடைக்கோட்டையே சற்றுச் சாய்த்து வரைவார்கள், ஓட்டுநர் பார்த்ததுமே கார் மெதுவாகத் தொடங்கிவிடும் என்ற நினைப்பில். அதைத் திருத்துவதற்கு முன்னால் ஏன் அப்படி வரைந்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். நிலைமம் புரியாத இடம் அதில்தான் தெரியும்.

ஃபோனில் ஒரு செய்தி அனுப்ப உண்மையில் எவ்வளவு நேரம் கண் விலகுகிறது?

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கனரக வாகனங்களுக்குள் கேமரா பொருத்தி ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு இது: செய்தி தட்டச்சு செய்யும் ஓட்டுநரின் கண், 6 வினாடிகளில் 4.6 வினாடி சாலையில் இல்லை. நம் வேகத்தில் அது 92 மீட்டர்.

92 என்று கரும்பலகையில் எழுதினால் அது வெறும் எண். மைதானத்தில் அளந்து காட்டுங்கள். அளவுநாடாவோடு இருவர், ஸ்டாப்வாட்சோடு ஒருவர், ஃபோனோடு ஒருவர். ஃபோன் வைத்திருப்பவர் நின்ற இடத்திலேயே "வந்துட்டே இருக்கேன்" என்று தட்டி அனுப்ப வேண்டும். ஆகும் நேரத்தை 20-ஆல் பெருக்கி அத்தனை மீட்டர் நடந்து கொடி நட வேண்டும். ஒருமுறை ஒரு பையனுக்கு 7 வினாடி ஆனது. 140 மீட்டர். எங்கள் மைதானம் அதற்குள் முடிந்துவிட்டது. கொடியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவரருகே நின்று, "இதுக்கு மேல எங்க போறது?" என்று கேட்டான்.

கையில் பிடிக்காமல் ஹெட்செட்டில் பேசினால் பரவாயில்லையா?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் குழுவினரும் வண்டி ஓட்டுவதுபோலவே அமைந்த மாதிரிக் கருவிகளில் (சிமுலேட்டர்) நடத்திய சோதனைகளில், ஃபோனைக் கையில் பிடித்துப் பேசியவர்களும் பிடிக்காமல் பேசியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தாமதமானார்கள். ஓட்டியபடி பேசியவர்கள் நேராகக் கண்ணால் பார்த்த சாலையோரப் பலகைகளைக்கூடப் பிறகு நினைவில் கொண்டுவர முடியாமல் தடுமாறினார்கள். கண் அங்கேதான் இருந்தது, மனம் இல்லை. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் நடத்திய கூடைப்பந்துச் சோதனையும் இதைத்தான் காட்டியது. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவில் நடந்துபோனதைக் கவனிக்கவே இல்லை.

இயற்பியல் வகுப்புக்கு இதில் உள்ள செய்தி எளியது. கண் விலகினாலும் மனம் விலகினாலும் சமன்பாட்டில் கூடுவது ஒரே ஒரு எண்தான்: எதிர்வினை நேரம். காருக்குக் காரணம் தெரியாது.

சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். ஸ்ட்ரேயர் குழு 2015-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், குரல் கட்டளையால் இயக்கும் வசதிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 வினாடிகள் வரை கவனம் முழுமையாகத் திரும்பாமல் இருந்தது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில்கூட அது 270 மீட்டர். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் அப்படியல்ல. அவரும் சாலையைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். ஃபோனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது.

சாலை நேராகவும் காலியாகவும் இருக்கும்போது மோத என்ன இருக்கிறது?

மோத ஆளில்லை என்றாலும் கார் நேராகப் போகும் என்பதற்கு உறுதியில்லை. திசைவேகத்தைக் கூறுகளாகப் பிரிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

சாலைத்தடம் 3.5 மீட்டர் அகலம், கார் 1.8 மீட்டர். நட்டநடுவில் போனால் இருபுறமும் 0.85 மீட்டர் இடம் இருக்கிறது. ஃபோனைப் பார்க்கும்போது காரின் திசை 1 டிகிரி விலகிவிட்டது. பக்கவாட்டுக் கூறு: 20 பெருக்கல் சைன் 1 டிகிரி, அதாவது வினாடிக்கு 0.35 மீட்டர். 0.85-ஐ அதனால் வகுத்தால் 2.4 வினாடி. 4.6 வினாடியில் பாதியளவு நேரம்தான் ஆகியிருக்கிறது, காரின் சக்கரம் கோட்டைத் தாண்டத் தொடங்கிவிட்டது. 1 டிகிரி எவ்வளவு என்று பாகைமானியில் காட்டுங்கள், கோணம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் எதிரே ஒரு வண்டி அதே வேகத்தில் வந்தால் சார்புத் திசைவேகம் வினாடிக்கு 40 மீட்டர். 200 மீட்டருக்கு அப்பால் புள்ளிபோலத் தெரிந்தது 5 வினாடியில் முகத்துக்கு நேராக வந்துவிடும்.

முன்னால் போகும் வண்டிக்கு 2 வினாடி இடைவெளி விடச் சொல்வது எதனால்?

இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போய், ஒரே அளவில் பிரேக் பிடித்தால் இருவரின் பிரேக் தொலைவும் சமம், கழிந்துபோகும். மிஞ்சுவது பின்னால் வருபவரின் எதிர்வினைத் தொலைவு மட்டும். அதனால்தான் இடைவெளியை மீட்டரில் சொல்லாமல் வினாடியில் சொல்கிறார்கள். எந்த வேகத்துக்கும் பொருந்தும். எதிர்வினைக்கு 1 வினாடி, கைக்காவலாக இன்னொரு வினாடி. கவனம் சிதறி எதிர்வினை 2.5 வினாடி ஆகிவிட்டால்? இடைவெளி 40 மீட்டர், முன்வண்டி நிற்க எடுத்துக்கொண்டது 40, ஆக 80 மீட்டர் இருக்கிறது. தேவையோ 50-ம் 40-ம், மொத்தம் 90. குறைவது 10 மீட்டர். அந்த 10 மீட்டரின் வேகம் என்ன என்று மேலே பார்த்துவிட்டோம்: மணிக்கு 36 கி.மீ.

கனமான வண்டி நிற்க அதிகத் தொலைவு எடுக்குமா?

சமன்பாட்டின்படி இல்லை. உராய்வு விசை எடையைப் பொறுத்தது, நிறுத்த வேண்டியதும் அதே நிறையைத்தான், நிறை கழிந்துபோகிறது. நடைமுறையில் கனரக வாகனங்கள் தாமதமாகத்தான் நிற்கின்றன. காற்றழுத்த பிரேக் வேலைசெய்யச் சற்று நேரம் பிடிக்கும், டயரின் பிடிப்பு வேறு, பிரேக் சூடேறினால் வலுக் குறையும். சமன்பாடு எதையெல்லாம் விட்டுவிட்டது என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்லலாம்.

உந்தம், கணத்தாக்கு, விசை எல்லாவற்றையும் இதிலேயே சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் வேறொரு நாளில். மணிக்கு 36 கி.மீ. மோதலையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உடல். சீட் பெல்ட் போட்டவர் காரின் முன்பகுதி நசுங்கும் தொலைவோடு சேர்ந்து அரை மீட்டரில் நிற்கிறார் என்றால் சராசரி விசை 6,000 நியூட்டன், தன் எடையைப்போல் பத்து மடங்கு. போடாதவர் காரின் பழைய வேகத்திலேயே முன்னே போய், எதன் மீதாவது மோதி 5 செ.மீ.-க்குள் நின்றால் 60,000 நியூட்டன். ஆற்றல் ஒன்றுதான், தொலைவு பத்தில் ஒரு பங்கானதால் விசை பத்து மடங்காகிவிட்டது. மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தார். அது செய்வது உடல் நிற்கும் தொலைவைக் கூட்டும் வேலைதான்.

"குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்பவர்களுக்காக ஒரு வரி: 10 கிலோ குழந்தையை அந்த மோதலில் பிடித்து நிறுத்த 1,000 நியூட்டன் வேண்டும். 100 கிலோ மூட்டையை ஒரே இழுப்பில் கையில் தாங்குவதுபோல.

விபத்துப் படங்கள், காணொளிகள் காட்டலாமா?

வேண்டாம். ஒருமுறை நான் காட்டினேன். நொறுங்கிப்போன கார் ஒன்றின் படம், அவ்வளவுதான், அதில் ஆள்கூட இல்லை. பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் வீட்டில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்: அடுத்த வாரம் சாலை விபத்து பற்றிய கணக்குகள் வரும், யாருக்காவது சங்கடம் இருந்தால் தனியாக வந்து சொல்லலாம், அந்த நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து வேறு கணக்கு செய்யலாம், காரணம் கேட்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார். உலகில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் சாலையில் இறப்பதாகவும், 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு அதுவே முதல் காரணம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் உங்கள் வகுப்புக்குச் சொந்தமானவரும் இருக்கலாம்.

படம் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இரண்டு நாளில் மறந்துபோவார்கள். தன் கையால் போட்ட கணக்கில் வந்த 36-ஐ அப்படி மறப்பதில்லை என்பதே நான் கண்டது. இன்னொன்று: எந்தச் சோதனையையும் ஓடும் வண்டியில் செய்துபார்க்கச் சொல்லாதீர்கள், வேடிக்கைக்குக்கூட, காலி மைதானத்தில்கூட.

மாணவர்கள் இன்னும் ஓட்டும் வயதுக்கே வரவில்லை. அவர்களுக்கு இப்போது இது எதற்கு?

ஓட்டாதவர்கள் நடக்கிறார்கள். ஃபோனைப் பார்த்தபடி 5 வினாடி நடந்தால் 7 மீட்டர், இரண்டு தட சாலையின் முழு அகலம். இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் நிறுத்திப் பேசுவது வேறொன்றை.

ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரி, கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிடுவாள். "எங்கப்பா நான் எப்ப கூப்பிட்டாலும் ரெண்டாவது ரிங்ல எடுத்திடுவாரு" என்று முந்தின நாள்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நான்கு வரிகளை எழுதி முடித்த அன்று நோட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போனபின் வந்து கேட்டாள்: "டீச்சர், நான் கூப்பிடறப்போ எங்கப்பா எங்க இருப்பாரு?"

அவருக்கு வேலையே வண்டி ஓட்டுவது.

அதற்குமுன் நான் இந்தப் பாடத்தை ஓட்டப்போகிறவர்களுக்கான பாடமாகத்தான் நடத்திவந்தேன். ஃபோன் அடிக்கும்போது அதை அடிக்கவைத்தவர் ஒருவர் மறுமுனையில் இருக்கிறார், பல நேரம் அது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் அவள் அப்பாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியபின் அவர்தான் கூப்பிடுவார். அவள் கூப்பிட வேண்டிவந்தால் முதல் கேள்வி "ஓட்டிட்டு இருக்கீங்களா?" ஆமென்றால் அடுத்த சொல் இல்லாமல் வைத்துவிடுவாள். இப்போது இதை எல்லா வகுப்பிலும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன்: வீட்டில் ஓட்டுபவர் யாரோ அவரோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, ஓர் ஏற்பாடு பேசிக்கொண்டு வர வேண்டும். மதிப்பெண் கிடையாது. எல்லோரும் செய்துகொண்டு வருகிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும். எதைச் செய்வது?

மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு முளை அடித்து அதைச் சுழி என்று வையுங்கள். ஓட்டுநர் ஆபத்தைக் காண வேண்டிய இடம் அது. அங்கிருந்து 20, 60, 100 மீட்டரில் மூன்று முளைகள்.

இரண்டு மாணவர்கள் சுழியிலிருந்து சேர்ந்தே நடக்கட்டும். ஒருவர் கவனமானவர், மற்றவர் 2 வினாடி தாமதமானவர். 20-ஆவது மீட்டரில் முதலாமவர் "பிரேக்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாமவர் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து நடக்க வேண்டும். 60-ஆவது மீட்டரில் முதலாமவர் "நின்றுவிட்டேன்" என்று சொல்லி நிற்க வேண்டும். அதே முளையில், அவருக்குப் பக்கத்தில், இரண்டாமவர் முதல்முறையாக வாய் திறந்து "பிரேக்" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அவர் வேகம் என்ன என்று வகுப்பைக் கேளுங்கள். பதில் வந்தபின் அவரை மட்டும் 100-ஆவது மீட்டர் முளைவரை தனியாக நடந்துபோகச் சொல்லுங்கள்.